ஏற்றமும் வற்றமும் எழுதியவள்

உர்சுலாவுக்கு நீச்சல் தெரியாது. படகில் ஏறினால் பத்தாவது நிமிடம் வயிற்றைப் பிரட்டும். பங்குக் கோயில் ஆட்களோடு செயின்ட் ஜான்ஸ் தீவுக்குப் போன ஒரே பயணத்தில் போகும்போதும் வாந்தி, வரும்போதும் வாந்தி. கூட வந்த பெண்கள் கொண்டுபோன எலுமிச்சம்பழம் அத்தனையும் இவள் ஒருத்திக்கே தீர்ந்தது. அப்படிப்பட்டவள் எழுதி வைத்த நேரத்தை நம்பித்தான் சிங்கப்பூர்க் கடற்காவல் படையின் வடகரைக் கட்டளை நிலையத்தின் ஏழு ரோந்துப் படகுகளும் தினமும் கடலுக்குப் போய்வந்தன. அங்கே வேலை பார்த்த ஆண்பிள்ளைகள் சிலருக்கு இது தொண்டையில் மாட்டிய முள். இருந்துவிட்டுப் போகட்டும்.

அவள் பிறந்து வளர்ந்தது தேக்கா சந்தைக்குப் பக்கத்தில், பஃபலோ ரோட்டில். அப்பா வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்து எழுதுகிறவர். ஏழையும் ஒன்றையும் யாரும் குழப்பிக்கொள்ள முடியாதபடி எழுதும் கை அவரிடமிருந்து மகளுக்கு வந்தது. படிப்பு முடிந்து தட்டச்சும் பழகியவள், 1974இல் கடற்காவல் படையின் வடகரை நிலையத்தில் தட்டச்சராகச் சேர்ந்தாள். மறு வருடம் செம்பவாங் கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்த பெர்னார்டைக் கட்டிக்கொண்டாள். மார்சிலிங்கில் ஒன்பதாவது மாடியில் வீடு கிடைத்தது. அங்கிருந்து நிலையத்துக்கு நடை தூரம்தான்.

நிலையத்தின் வேலை ஜொகூர் நீரிணையின் மேற்குப் பாதியைக் காப்பது. கடத்தல்காரர்களைப் பிடிப்பார்கள், திருட்டுத்தனமாகக் கரையேறுகிறவர்களைத் தடுப்பார்கள், கவிழ்ந்த படகுகளைத் தேடிப் போவார்கள். எது செய்தாலும் முதலில் தெரிய வேண்டியது தண்ணீரின் போக்கு. ஏற்றத்தில், கடல் மட்டம் உயரும்போது, தண்ணீர் மேற்கே திறந்த கடலிலிருந்து நீரிணைக்குள் நுழைந்து, ஜொகூருக்குப் போகும் கடற்பாலத்தை நோக்கி வரும். வற்றத்தில் வந்த வழியே மேற்கே திரும்பி ஓடும். நன்றாக வற்றிவிட்டால் கிராஞ்சி ஆற்று முகத்தில் சேற்றுத் திட்டுகள் முதுகைக் காட்டும்.

ஒவ்வொரு மாதமும் அச்சுப் புத்தகத்திலிருந்து ஏற்ற வற்ற நேரங்களைத் தட்டச்சு செய்து கொடுப்பது உர்சுலாவின் வேலைகளில் ஒன்று. 1977இல் ஒரு நாள், புத்தகத்தில் ஒரு வியாழக்கிழமைக்கும் வெள்ளிக்கிழமைக்கும் எண்கள் இடம் மாறியிருப்பதாக அவளுக்குப் பட்டது. அதிகாரியிடம் சொன்னாள். "நீ டைப் பண்ணு, கடலை நாங்க பாத்துக்கிறோம்" என்று அவர் சிரித்தார். அந்த வியாழக்கிழமை ஒரு ரோந்துப் படகு சேற்றில் ஏறி உட்கார்ந்துகொண்டது. ஐந்து போலீஸ்காரர்கள் நாள் முழுக்க அதில் குந்தியிருந்ததைக் கரையிலிருந்த பள்ளிப்பிள்ளைகள் வேடிக்கை பார்த்தார்கள். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. அட்டவணை முழுதும் உர்சுலாவின் கைக்கு வந்தது. இரண்டு வருடத்தில் கட்டுப்பாட்டு அறையின் ரேடியோவும் வந்தது.

அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. அட்டவணையில் எந்த எண்ணைத் திருத்தினாலும், ஓரத்தில் சிவப்பு மையால் 'திருத்தியது' என்று எழுதிச் சுருக்கொப்பம் போடுவாள். சிவப்பு இருந்தால் சரிபார்த்தாகிவிட்டது என்று அர்த்தம். சிவப்பு இல்லையென்றால் புத்தகத்தில் உள்ளது உள்ளபடி. அன்றைய நேரத்தைக் காலையில் யார் பணியில் இருக்கிறார்களோ அவர்கள் அட்டவணையைப் பார்த்துக் கரும்பலகையில் எழுத வேண்டும். படகோட்டிகள் பலகையைப் பார்த்துவிட்டுத்தான் கயிற்றை அவிழ்ப்பார்கள்.

கட்டுப்பாட்டு அறையின் நடுவில், வரைபட மேசைக்கு எதிரே, ஒரு நாற்காலி இருந்தது. பணிமுறைத் தலைவரின் நாற்காலி. எந்தப் படகு எங்கே போக வேண்டும் என்று சொல்வது அதில் உட்கார்ந்திருப்பவர்தான். ஒரு பெண் அதில் உட்கார்ந்ததில்லை. சீருடை போடாத ஊழியர் யாரும் உட்கார்ந்ததில்லை. 1981 கடைசியில் அது காலியானபோது, நிலையத் தலைவர் குவேக் உர்சுலாவின் பெயரை எழுதி மேலே அனுப்பினார். ஜனவரி நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை நேர்காணல். அந்த நாற்காலி அவளுக்கு வேண்டும். வேண்டும் என்பதைப் பெர்னார்டிடம்கூட அவள் மறைக்கவில்லை. "எனக்குத்தான் அது. நான் உக்காந்தா அந்த ரூம் இன்னும் நல்லா நடக்கும்" என்றாள். பெர்னார்டுக்கும் அது தெரிந்ததுதான்.

1982 பிறந்தபோது சிங்கப்பூர் தன் கடிகாரங்களை அரைமணி நேரம் முன்னே தள்ளி வைத்தது. ஊர் முழுக்க அதே பேச்சு. கடைக்காரர்கள் கடிகாரத்தின் முள்ளைத் திருகினார்கள், வேலை முடிந்தது. அட்டவணைப் புத்தகமோ பழைய நேரத்தில் அச்சானது. டிசம்பர் கடைசி நாளில் உர்சுலா வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல், ஜனவரி மாதம் முழுவதற்கும் அரைமணி கூட்டிப் புதுத் தாள்கள் தட்டச்சு செய்து கோப்பில் கோத்தாள். ஒரு அடித்தல் இல்லை, ஒரு பிசிறு இல்லை. நேர்காணலுக்கு வரும் அதிகாரிகள் இந்தக் கோப்பைப் புரட்டுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். வரிக்கு வரி சிவப்பு மை பூசினால் தாள் அசிங்கமாகிவிடுமே என்று பேனாவை மூடி வைத்தாள். நான்கு வருட வழக்கத்தை அன்று ஒரு நாள் மட்டும், அழகுக்காக விட்டாள்.

ஜனவரி இரண்டாவது சனிக்கிழமை அவளுடைய நாத்தனார் ரூபிக்கு ஓஃபியர் ரோடு லூர்து மாதா கோயிலில் கல்யாணம். உர்சுலா லீவில் இருந்தாள். அந்த நேரம் பார்த்துத்தான் தலைமையகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது: ஏற்ற வற்ற நேரங்கள் எல்லாம் பழைய கணக்கில் உள்ளன, அரைமணி கூட்டிக்கொள்ளவும். திங்கட்கிழமை காலைப் பணியில் இருந்த கார்ப்பரல் மாணிக்கம் சொன்னதைச் சொன்னபடி செய்கிற மனிதர். சுற்றறிக்கையைப் படித்தார். அட்டவணையைத் திறந்தார். சிவப்பு மை இல்லை. அங்கே ஒன்று பத்து என்று இருந்ததோடு அரைமணி கூட்டி, 'ஏற்றம் முடிவது 1.40' என்று பலகையில் எழுதினார். புத்தகத்தில் இருந்தது பன்னிரண்டு நாற்பது. ஒரே அரைமணியை இரண்டு பேர் கூட்டியாகிவிட்டது.

உர்சுலா பிற்பகல் இரண்டு மணிக்குப் பணிக்கு வந்தாள். வெளியே ஜனவரி மாதத்து அடைமழை. கடல் எது வானம் எது என்று தெரியவில்லை. இரண்டு ஐந்துக்குத் தொலைபேசி அடித்தது. பேசியவர் ஆ ஹெங், கடலுக்குள் மரக்கால்கள் நட்டு மீன்பிடிக்கிற ஒரு கெலோங்கில் வேலை செய்பவர். கரையில் ஒரு கடையிலிருந்து மலாயில் மூச்சு வாங்கப் பேசினார். கெலோங்குகளுக்கு அரிசியும் எண்ணெயும் கொண்டுவந்து விற்கும் யாக்கூப்பின் படகு ஒன்றேகாலுக்குக் காற்றில் கவிழ்ந்துவிட்டதாம். கவிழ்ந்ததைப் பார்த்தார், அடுத்த நிமிடம் மழை திரை போட்டுவிட்டது. சம்பான் படகைத் துடுப்புப் போட்டுக் கரைக்கு வர இவ்வளவு நேரம் ஆகியிருக்கிறது. யாக்கூப்புக்கு நீந்தத் தெரியுமா என்று உர்சுலா கேட்டாள். தெரியாது என்றார்.

குவேக் அப்போது கடலில்தான் இருந்தார், சார்ஜண்ட் ரவூப்பின் படகில். செய்தி போனது. குவேக் பலகைக் கணக்கை ரேடியோவில் கேட்டு வாங்கினார். உர்சுலாவும் பலகையைப் பார்த்துப் படித்தாள். ஒன்று நாற்பது வரை ஏற்றம். அப்படியானால் கவிழ்ந்த ஆள் இருபத்தைந்து நிமிடம் கடற்பாலத்துப் பக்கம் போயிருப்பார், பிறகு வற்றம் அவரைத் திரும்பக் கொண்டுவந்திருக்கும். விழுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே இருப்பார். நான்கு படகுகள் கெலோங்கைச் சுற்றித் தேடத் தொடங்கின.

பத்து நிமிடம் போனது, இருபது நிமிடம் போனது. ரவூப்பின் குரல் வந்தது. "ஒண்ணும் இல்ல. ஒரு பலகைத் துண்டுகூட இல்ல."

அதுதான் உர்சுலாவை உறுத்தியது. யாக்கூப்பின் படகில் எப்போதும் காலி எண்ணெய் டின்கள் கிடக்கும் என்று ஆ ஹெங் சொல்லியிருந்தார். மனிதன் மூழ்கலாம். காலி டின் மூழ்காது. ஒரு டின்கூட அங்கே இல்லையென்றால் தண்ணீர் எல்லாவற்றையும் வேறு எங்கோ கொண்டுபோயிருக்கிறது. அவள் அந்தக் கடைக்கே திரும்பத் தொலைபேசி செய்தாள். ஆ ஹெங் இன்னும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார்.

"கரைக்கு வர்றப்ப தண்ணி உங்களை எந்தப் பக்கம் இழுத்துச்சு?"

"மேற்கே. ஒன்றரைக்கு கெலோங்கை விட்டேன், படகுத்துறையைப் பார்த்துத்தான் துடுப்புப் போட்டேன். கரை சேர்ந்த இடம் துறைக்கு ரொம்ப மேற்கே. அங்கேயிருந்து நடந்து வந்தேன்."

ஒன்றரை மணிக்கே தண்ணீர் வற்றத் தொடங்கிவிட்டது. பலகையில் ஒன்று நாற்பது. உர்சுலா கோப்பைத் திறந்தாள். தன் கையால் அடித்த ஒன்று பத்து அழகாகப் பளிச்சென்று இருந்தது. பக்கத்தில் சுற்றறிக்கை. ஓரத்தில் இருக்க வேண்டிய சிவப்பு இல்லை. அவர்கள் தேடுகிற இடத்தில் யாக்கூப் இல்லை. ஒன்றரை மணி நேரமாக அவர் மேற்கே, திறந்த கடலை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறார்.

அவள் வரைபடத்தில் அளவுகோலை வைத்தாள். கணக்கு முடிய இரண்டு நிமிடம். ஒலிவாங்கியை எடுத்து, நான்கு படகுகளும் சாரிம்புன் கரைக்கு எதிரே போக வேண்டும் என்று இடத்தைச் சொன்னாள்.

குவேக் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. தேடும் இடத்தை அப்படியே விட்டுவிட்டு எல்லாப் படகுகளையும் நகர்த்துவது விளையாட்டுக் காரியம் இல்லை. "காரணம் என்ன?" என்று கேட்டார்.

அந்த அலைவரிசையை ஏழு படகுகளும் கேட்டுக்கொண்டிருந்தன. தலைமையகமும் கேட்டுக்கொண்டிருந்தது. பலகையில் இருந்தது மாணிக்கத்தின் கையெழுத்து. 'பலகையில் தவறு' என்று இரண்டே வார்த்தை சொன்னால் போதும், அது பொய்யும் இல்லை. ஓய்வு பெற மூன்று வருடம் இருக்கிற மாணிக்கத்தின் தலையில் எல்லாம் விழும். வெள்ளிக்கிழமை நேர்காணல் குறித்தபடி நடக்கும். இதெல்லாம் உர்சுலாவுக்குத் தோன்றாமல் இல்லை. தோன்றியது என்று பிற்பாடு அவளே சொல்லியிருக்கிறாள். தோன்றிய வேகத்திலேயே தன் மீது அவளுக்குக் கோபமும் வந்தது.

"என் தவறு, சார். அரைமணி நேரத்தை நான் ஏற்கெனவே கூட்டிட்டேன், கூட்டினதைக் குறிக்கல. அதனால பலகையில ரெண்டு தடவை கூடியிருக்கு. வற்றம் ஒண்ணு பத்துக்கே ஆரம்பிச்சிருச்சு. அவர் மேற்கே இருக்கார்."

குவேக் பேசினார். "எல்லாப் படகும் மேற்கே. அவங்க சொன்ன இடத்துக்கு."

மூன்று இருபத்தைந்துக்கு ரவூப் கூப்பிட்டார். அவள் குறித்த இடத்திலிருந்து அரை மைல்கூட விலகவில்லை. சேர்த்துக் கட்டியிருந்த இரண்டு எண்ணெய் டின்களை மார்போடு அணைத்தபடி யாக்கூப் மிதந்துகொண்டிருந்தார். உடம்பு விறைத்துப் போயிருந்தது, உயிர் இருந்தது. உர்சுலா நேரத்தைப் பதிவேட்டில் எழுதினாள். பிறகு கோப்பை எடுத்து, ஜனவரித் தாள்கள் ஒவ்வொன்றிலும் சிவப்பு மையால் 'திருத்தியது' என்று எழுதிச் சுருக்கொப்பம் போட்டாள். தாள்கள் அசிங்கமாகத்தான் ஆயின.

மாணிக்கம் மறுநாள் அவளைப் படிக்கட்டில் நிறுத்தினார். "ஏம்மா, நீ வாயைத் திறக்கலன்னா யாருக்கும் தெரிஞ்சிருக்காது லா."

"எனக்குத் தெரியுமே அண்ணே."

"நேர்காணல்?"

"தள்ளி வச்சுட்டாங்க. விசாரணை முடியட்டும்னு."

அன்றிலிருந்து ஓய்வு பெறும் வரை, உர்சுலா பணியில் இருக்கும் நாட்களில் அவளுடைய காப்பியை மாணிக்கமே வாங்கிவந்து மேசையில் வைப்பார். காசு கொடுத்தால் கேட்காதவர்போல் போய்விடுவார்.

விசாரணையில் மூன்று அதிகாரிகள். நடந்ததை அவள் பூசி மெழுகாமல் சொன்னாள். அழகுக்காகக் குறிக்காமல் விட்டேன் என்பதையும் சொன்னாள். அதைச் சொல்லும்போது மட்டும் காது சுட்டது. எச்சரிக்கைக் கடிதம் ஒன்று அவளுடைய பணிக்கோப்பில் ஏறியது. அதை வாசித்துப் பார்த்து, கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு, நேரே வேலைக்குப் போய் உட்கார்ந்தாள்.

நேர்காணல் மார்ச் மாதம் நடந்தது. தலைமையகத்திலிருந்து வந்திருந்த ஒருவர் எச்சரிக்கைக் கடிதத்தை விரலால் தட்டினார். இவ்வளவு பெரிய தவறு செய்தவருக்கு அந்த நாற்காலியை ஏன் கொடுக்க வேண்டும் என்று கேட்டார். பதிலை உர்சுலா ஆங்கிலத்தில்தான் சொன்னாள். அன்று சாயந்திரம் பெர்னார்டுக்குத் தமிழில் சொன்னது இது: "தப்பே பண்ணாத ஆள் வேணும்னா எனக்குக் குடுக்காதீங்க, ஆனா அப்படி ஒரு ஆளை நீங்க தேடிக் கண்டுபிடிக்க மாட்டீங்க. தப்பு தெரிஞ்ச நிமிஷமே அதைச் சத்தமாச் சொல்ற ஆள் வேணும்னா, நான் இங்கதான் இருக்கேன். அப்படின்னேன்."

"அப்புறம்?"

"ஒருத்தர் பேனாவை மூடிட்டார். நல்லதுக்கா கெட்டதுக்கான்னு தெரியல."

நல்லதுக்குத்தான். ஏப்ரல் முதல் வாரம் உர்சுலா அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். அங்கே அவள் போட்ட முதல் உத்தரவு, அட்டவணையில் கை வைக்கிற யாராக இருந்தாலும், நிலையத் தலைவரே ஆனாலும், சிவப்பு மையால் குறித்தாக வேண்டும் என்பது. குறிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று கேட்ட புது ஆட்களுக்கு, தன் எச்சரிக்கைக் கடிதத்தின் நகலைக் காட்டுவாள். பெருமைக்குரிய பெண்மணி, பெருமைக்குரிய கடிதம். அடுத்த ஆறு வருடங்களில் அந்த நாற்காலியிலிருந்து அவள் அனுப்பிய படகுகள் முப்பத்தொரு பேரை உயிரோடு கரைசேர்த்தன. அதில் ஒருவருக்குக்கூட அவள் முகம் தெரியாது. அதற்கு முன்பே தப்பிய யாக்கூப்புக்குத் தெரியும்.

ஏப்ரல் மாதக் கடைசி ஞாயிறு. தேக்காவுக்குப் போய்விட்டு வந்து பெர்னார்ட் மீன் கழுவிக்கொண்டிருந்தான். கதவைத் தட்டியது யாக்கூப்பும் அவர் மனைவி நூருன்னிசாவும். விலாசம் ரவூப் கொடுத்ததாம். ஒரு பெரிய தூக்குவாளியில் நெய்ச்சோறு இருந்தது.

"தங்கச்சி, எந்த எடத்துல கெடக்கேன்னு நீங்கதான் சொன்னீங்களாம். கையெடுத்துக் கும்புட்டுட்டுப் போகலாம்னு வந்தோம்" என்றார் யாக்கூப். கவிழ்ந்த நாளிலிருந்து அவர் கடல் பக்கம் போகவில்லை. நூருன்னிசா விடவில்லை; மீட்டெடுத்த படகு கரையில் சும்மா கிடந்தது. தேக்கா மார்க்கெட்டில் யாரோ ஒருவர் கடையில் மூட்டை பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

உர்சுலா தூக்கை வாங்கவில்லை. "முதல்ல உக்காருங்க. ஒரு விஷயம் சொல்லணும். கேட்டுட்டு அப்புறம் குடுக்கிறதா வேணாமான்னு முடிவு பண்ணுங்க."

சொன்னாள். தட்டச்சுத் தாள், சுற்றறிக்கை, பலகை, அரைமணி, எதையும் விடவில்லை. பெர்னார்ட் சமையலறை வாசலில் ஈரக்கையோடு நின்று கேட்டான்.

யாக்கூப் தூக்கைக் கீழே வைத்தார். பிறகு கேட்டார். "சரியா எழுதியிருந்தா எப்ப வந்திருப்பாங்க?"

"நாப்பது நிமிஷம் முன்னாடி."

"நாலு டின் கட்டி வச்சிருந்தேன். கை மரத்துப்போயி ரெண்டு நழுவிருச்சு." அவர் தன் உள்ளங்கையைப் பார்த்தார். "அது அந்த நாப்பது நிமிஷத்துலதான் இருக்கும்."

உர்சுலாவின் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவில்லை.

"இதை யாரும் எங்ககிட்ட சொல்லலயே" என்றாள் நூருன்னிசா.

"அதனாலதான் நான் சொல்றேன்."

யாக்கூப் எழுந்து ஜன்னலுக்குப் போனார். ஒன்பதாவது மாடியிலிருந்து கட்டடங்களுக்கு நடுவே நீரிணை ஒரு துண்டு தெரியும். அதையே பார்த்துக்கொண்டு நின்றார். மனைவியைப் பார்க்காமல், உர்சுலாவையும் பார்க்காமல் கேட்டார்.

"நாளைக்குக் காலையில ஏற்றம் எப்ப முடியுது, தங்கச்சி?"

உர்சுலா கண்ணை மூடி ஏப்ரல் மாதத் தாளை மனதில் கொண்டுவந்தாள். சிவப்பு மையோடு கொண்டுவந்தாள்.

"ஒன்பது இருபது."

"வற்றத்தோட போனா கெலோங் வரைக்கும் இஞ்சினுக்கு வேலை இல்ல" என்றார் யாக்கூப், ஜன்னலிடம்.

நூருன்னிசா கணவனின் முதுகைப் பார்த்தாள். மூன்று மாதமாகக் கடல் என்ற சொல்லையே வீட்டில் எடுக்கவிடாதவள். அவள் உர்சுலாவின் பக்கம் திரும்பினாள்.

"ஒன்பது இருபதுதானே?"

"ஒன்பது இருபது."

நூருன்னிசா நெய்ச்சோற்றுத் தூக்கை எடுத்து உர்சுலாவின் கையில் வைத்தாள். பிறகு கணவனிடம் சொன்னாள்.

"அப்ப சரி. நாளைக்குப் போயிட்டு வாங்க."